வாசலில் நிற்காத பெற்றோர்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

அக்காவும் தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நலம் விசாரிப்பதற்காக இக்கடிதம் எழுதப்படவில்லை.

இன்று காலை எங்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. நான்கு மூலைகளிலும் பசை தடவி, ஒரு சுருக்கம்கூட விழாமல் ஒட்டியிருந்தார்கள். தங்கள் மண்டலக் கல்வி அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வந்த எதுவும் இவ்வளவு அக்கறையோடு வந்து சேர்ந்ததில்லை. இந்த அரசு நடுநிலைப் பள்ளி கல்வியாண்டின் முடிவில் மூடப்படும் என்றும், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு மாணவர்களும் ஆற்றுக்கு அப்பாலுள்ள பள்ளிக்கு மாற்றப்படுவர் என்றும் அதில் இருந்தது. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய தொலைவு என்பதைத் தாங்கள் குறிப்பிடவில்லை. காரணத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: "பெற்றோர் கருத்துக் கணிப்பில் கலந்துகொண்ட 214 பேரில் 81 விழுக்காட்டினர் பள்ளியின் தரம் மோசம் அல்லது மிக மோசம் எனத் தெரிவித்துள்ளனர்."

கீழே தங்கள் கையெழுத்து. என் மகள் பிறந்தபோது தாங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டையிலும் இதே சுழிதான் இருந்தது.

நான் இங்கே பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்கு கற்பிக்கிறேன். காலை வாசல் பொறுப்பும் என்னுடையதே. நவம்பரில் தங்கள் ஆட்கள் வந்து கருத்துக் கேட்ட அந்த மூன்று காலைகளில் மட்டும் விடைத்தாள் திருத்தும் மையத்துக்குப் போயிருந்தேன். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த வாசலில் பத்துப் பெற்றோரைச் சேர்ந்தாற்போல் நான் பார்த்ததில்லை. நான் இல்லாத மூன்று நாட்களில் இருநூற்றுப் பதினான்கு பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

மதிப்பீட்டு விதிகளின்படி, நிரப்பப்பட்ட படிவங்களின் நகலைக் கேட்கப் பள்ளிக்கு உரிமை உண்டு. தலைமையாசிரியையின் ஒப்புதலோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மனைவியின் தம்பி


ஜனவரி 17

அன்பு மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தைக் கையுறை போட்டுக்கொண்டு பிரித்திருக்க வேண்டும். விரலெல்லாம் விறைத்துப்போய்விட்டது. "மனைவியின் தம்பி" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நல்லவேளை, அதையாவது ஒப்புக்கொள்கிறீர்கள்.

நான் என்ன செய்யட்டும்? இந்த மண்டலத்தில் நாற்பத்தொரு பள்ளிகள். எல்லாவற்றுக்கும் ஒரே படிவம், ஒரே முறை. கருத்துக் கேட்டோம், இயந்திரத்தில் போட்டு எண்ணினோம், வந்ததை எழுதினோம். உங்கள் பள்ளி கடைசியில் வந்தது. இது என் கருத்து இல்லை, ஊர்க் கருத்து. என்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? படிவத்தில் ஆட்களின் கையெழுத்து இருக்கிறது. அதை யாருக்கும் காட்டி எங்களுக்குப் பழக்கமில்லை.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள்? உங்கள் பள்ளிக்கு நேர் எதிரே, அதே தெருவில், நீச்சல் குளம் வைத்த தனியார் பள்ளியில். நீங்களே உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டீர்கள், மாப்பிள்ளை. படிவம் நிரப்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்டவில்லை.

அன்புடன்,
அத்தான்


ஜனவரி 24

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆம். என் மகள் எதிர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். என் மனைவி அதை விரும்பினாள், நான் மறுக்கவில்லை. தினமும் காலை அவளை அந்த வாசலில் விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து என் வாசலுக்கு வருகிறேன். பதினான்கு அடி அகலத் தெரு. அதைக் கடக்கும்போது நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இதை எழுதுவதற்கு எனக்கு ஆறு நாட்கள் பிடித்தன.

ஆனால் நான் கேட்டதற்கு இது பதிலாகாது. ஓர் ஆசிரியன் கோழையாக இருப்பதால் முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

எங்கள் மாணவர்களின் வீட்டில் இருப்பவர்கள் யார் என்று தாங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்கள், பேருந்து ஓட்டுபவர்கள், ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர்கள். காலை எட்டு மணிக்கு இவர்களில் ஒருவருக்கும் கை ஒழிந்திருக்காது. பிள்ளைகள் தாங்களாகவே நடந்து வருகிறார்கள். பதினொரு வயதானவர்களுக்குக் கால் இருக்கிறது. எங்கள் வாசலில் பெற்றோர் நிற்பதில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் நிற்கிறார்கள்.

படிவங்களை அனுப்புங்கள். கையெழுத்துகளை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். மறுப்பதாக இருந்தால் மறுப்பை அலுவலக முத்திரையோடு அனுப்பவும். அதை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் மனைவியின் தம்பி


பிப்ரவரி 4

மாப்பிள்ளை,

பெட்டி ஒன்று தனியாக வருகிறது. இருநூற்றுப் பதினான்கு நகல்கள்.

உங்கள் மிரட்டலுக்குப் பயந்து அனுப்பவில்லை. என் பையிலிருந்த உங்கள் கடிதங்களை உன் அக்கா (பாருங்கள், கோபத்தில் மரியாதை நழுவுகிறது), உங்கள் அக்கா எடுத்துப் படித்துவிட்டாள். நான்கு நாட்களாகப் பேச்சு இல்லை. முதல் நாள் இதுவும் ஒரு ஓய்வுதான் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் காபியில் சர்க்கரை இல்லை. மூன்றாம் நாள் காபியே இல்லை. நான்காம் நாள் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்: "அந்தப் பேப்பரெல்லாம் நீங்க ஒரு தடவையாவது படிச்சீங்களா?"

படிக்கவில்லை. இயந்திரம் எண்ணியது. கடைசியில் மக்கள் கைப்பட எழுதிய இரண்டு வரிகளை அது படிக்காது. நாங்களும் படிக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு அம்மாள் இருக்கிறார். யார் எழுதிய அறிக்கையானாலும் பாதியாக வெட்டிவிடுவார் என்பதால் 'கத்தரி' என்று பெயர். அவர்தான் நகல் எடுத்தார். நடுவில் என் மேசைக்கு வந்து, "சார், நூற்றுப் பதினேழாம் நம்பரை எடுத்துடட்டுமா? உங்க மைத்துனர் பார்த்தா வருத்தப்படுவார்" என்றார். கூடாது என்றேன். எல்லாம் வேண்டும் என்று கேட்டவருக்கு எல்லாம்தான் போக வேண்டும்.

அத்தான்


பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

படித்துவிட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை.

கைப்பட எழுதிய வரிகளைப் பொருள்வாரியாகப் பிரித்தேன். தொண்ணூற்றாறு பேர், காலையில் காரை நிறுத்த இடமில்லை என்கிறார்கள். எங்கள் மாணவர் எவரும் காரில் வருவதில்லை. அறுபத்து மூன்று பேர், சீருடையோடு கட்டும் கழுத்துப்பட்டை பிள்ளையின் கழுத்தை அறுக்கிறது என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கழுத்து உண்டு, பட்டை கிடையாது. இருபத்திரண்டு பேர், நீச்சல் குளத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று வருந்துகிறார்கள். எங்கள் பள்ளியில் தண்ணீர் தேங்குமிடம் ஒன்றே ஒன்று உண்டு: ஆறாம் அறை, மழை நாட்களில். அங்கே எவரும் நீந்துவதில்லை.

தங்கள் ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். நிற்க ஒருவரும் இல்லை. எதிரே கூட்டம் நின்றது. தெருவைக் கடந்து அவர்களிடம் படிவத்தை நீட்டி, "இந்தப் பள்ளியைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பள்ளியைப் பற்றி நினைத்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்ப் பள்ளியின் குறைகளுக்காக எங்கள் பள்ளியை மூடுகிறீர்கள், அத்தான்.

எஞ்சியவை முப்பத்து மூன்று. அவை எங்கள் பள்ளியைப் பற்றியவைதான். எழுதியவர்களில் ஒருவரும் உள்ளே வந்ததற்கான தடயம் இல்லை. 'கேள்விப்பட்டேன்' என்ற சொல் இருபத்தேழு முறை வருகிறது.

இனி நூற்றுப் பதினேழு. "இந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியரே தன் மகளை எதிர்ப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். அவர் மனைவி என்ற முறையில் எனக்கு இது தெரியும். இதற்கு மேல் கருத்து என்ன வேண்டும்?" கையெழுத்தை மறைத்திருந்தீர்கள். தேவையிருக்கவில்லை. நான் மையத்துக்குப் போன அந்த மூன்று காலைகளில் மகளை எதிர் வாசலில் விட்டது அவள்தான்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாளைக் காட்டினேன்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா. கருத்து கேட்டாங்க. என்கிட்ட ஒன்னு இருந்துச்சு."

"அந்தப் பள்ளியில சேர்க்கணும்னு ஆசைப்பட்டது நீதானே?"

"நான் எப்ப ஆசைப்பட்டேன்? பக்கத்து வீட்டு எஞ்சினியர் என்ன நினைப்பாரோன்னு ரெண்டு நாள் சாப்பிடாம உட்கார்ந்திருந்தது யாரு? நான் சரின்னு சொன்னேன், அவ்வளவுதான். அதை என் ஆசைன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறீங்க." பிறகு ஒரு சட்டையை உதறி மடித்தபடியே, "இந்தக் கையைப் பிடிங்க, சுருங்குது" என்றாள். பிடித்தேன்.

பத்தொன்பது ஆண்டுகளாகப் பிழையான விடைகளின் மேல் சிவப்புக் கோடு இழுத்து வந்திருக்கிறேன். ஜனவரி 24 கடிதத்தில், என் மனைவி விரும்பினாள் என்று எழுதிய வரியின்மேல் தாங்களே ஒன்று இழுத்துக்கொள்ளவும்.

கோரிக்கை இதுதான். எங்கள் மாணவர்களின் வீடு இருநூற்று அறுபத்தெட்டு. தங்கள் ஆட்கள் அங்கே போய்க் கேட்கட்டும். நாங்கள் ஒருவரும் படிவத்தைத் தொட மாட்டோம். கூட வரவும் மாட்டோம். வீட்டில் இருப்பவர்கள் எங்களை மோசம் என்றால் நானே பூட்டு வாங்கித் தருகிறேன்.

தெரியாமல் கேட்கிறேன்: 'உங்கள் பிள்ளை இப்பள்ளியில் படிக்கிறாரா?' என்று கேட்கக்கூடவா தங்கள் படிவத்தில் இடமில்லாமல் போயிற்று?

இப்படிக்கு,
தங்கள் மனைவியின் தம்பி


பிப்ரவரி 20

மாப்பிள்ளை,

இடமில்லாமல்தான் போயிற்று.

முதல் வரைவில் அதுதான் முதல் கேள்வியாக இருந்தது. படிவம் இரண்டாம் பக்கத்துக்கு நான்கு வரி வழிந்தது. ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் வேதவாக்கு. இந்த முறை வெட்டியது கத்தரி அல்ல. அவர் வெட்ட வேண்டாம் என்றுகூடச் சொன்னார். நான்தான், "பள்ளி வாசல்ல நிக்கிறவங்க பெற்றோர் இல்லாம வேற யாரும்மா?" என்று கேட்டுவிட்டு, பேனாவால் அடித்தேன். சிரித்துக்கொண்டே அடித்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்து எட்டு நாட்களாகிறது. எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினாறு மாதம். முப்பது வருடத்தில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணைகூட வாங்கியதில்லை. எப்படியாவது பழியை வேறு ஆள்மேல் போட்டு, கணிப்பு நடத்தியவர்களின் தவறு என்று எழுதிவிடலாம் என்று யோசித்தேன். வரைவுகூடத் தயார் செய்தேன். உங்கள் அக்காவிடம் காட்டவில்லை. காட்டவில்லை என்பதிலிருந்தே அது எப்படிப்பட்ட வரைவு என்று எனக்கே தெரிந்துவிட்டது.

நேற்று இயக்குநருக்கு உள்ளதை எழுதிவிட்டேன். கேள்வியை நீக்கியது நான், படிவங்களைப் படிக்காமல் கையெழுத்திட்டது நான், மூடும் உத்தரவை நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டு பக்கம் வந்தது. ஒரே பக்கத்தில் அடக்க முடியவில்லை.

கத்தரி அம்மாளும் இன்னும் இருவரும் திங்கட்கிழமை அங்கே வருகிறார்கள். வீடு வீடாகப் போவார்கள். நீங்கள் எதிர்ப்பட்டால்கூடப் பேச வேண்டாம். அவர் பேச மாட்டார்.

அத்தான்


மார்ச் 16

மாப்பிள்ளை,

முடிவுகள் சீல் வைக்கப்பட்டு இயக்குநரிடம் போய்விட்டன. உங்கள் ஊர்ப் பொதுக் கூட்டத்தில்தான் வாசிப்பார்கள். எண் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் கத்தரி அம்மாள் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்து சொன்னதை எழுதத் தடையில்லை. மனிதர் மாறித்தான் வந்திருக்கிறார். ஒரு மணி நேரம் பேசினார், எதையும் வெட்டவில்லை.

சலவைக்கூடத்துக்கே போயிருக்கிறார். ஒரு தாய் நீராவிக்கு நடுவில் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாராம். "நீங்க ஏம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே வர்றதில்ல?" என்று இவர் கேட்க, "எட்டு மணிக்கு நான் அங்க வந்து நின்னா, இந்த ஆஸ்பத்திரியில எவருக்கும் போத்திக்க ஒரு விரிப்பு இருக்காது. வந்து நிக்கவா, சொல்லுங்க" என்றாராம். தரம் எப்படி என்று கேட்டதற்கு, "தரம்னா என்னன்னு எனக்குத் தெரியாது. என் பொண்ணு எட்டு வாரம் கால் கட்டோட படுத்திருந்தா. அந்த விளையாட்டு டீச்சர் ஒவ்வொரு சாயங்காலமும் பாடத்தை எழுதிக் கொண்டுவந்து குடுத்தாங்க. ஓடுறதுக்குச் சொல்லிக்குடுக்குற டீச்சர், நடக்க முடியாத புள்ளைக்காக வந்தாங்க. இதுக்கு உங்க பேப்பர்ல கட்டம் இருக்கா?" கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டாராம்.

திட்டும் நிறைய. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆறாம் அறை ஒழுகுகிறது. நூலகம் எப்போதும் பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

கணக்கு ஆசிரியரைப் பற்றியும் உண்டு. பேருந்து ஓட்டுநர் ஒருவர் சொன்னது: "அந்த மனுஷன் சிரிச்சு நாங்க யாரும் பார்த்ததில்லைங்க. ஆனா பின்னம் தெரியாம ஒரு புள்ளையும் அவர் வகுப்பைத் தாண்டினதில்ல. எங்க ரெண்டாவது மகன் தப்பா ஒரு கணக்கைப் போட்டுட்டு, 'சார் பார்த்தா எதுவும் சொல்ல மாட்டார், அதுதான் பயம்'னான்." இதை உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "சின்ன வயசுலயும் அவன் அப்படித்தான்" என்றாள். காபி பழைய நிலைக்கு வந்துவிட்டது.

என் அறிக்கை விசாரணையில் இருப்பதால் நான் கூட்டத்துக்கு வரக்கூடாதாம். நடந்ததை எழுதுங்கள்.

அத்தான்


ஏப்ரல் 7

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

கூட்டம் எங்கள் பள்ளியின் பெரிய கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நூற்றைம்பது நாற்காலி போட்டோம். முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். வேலைச் சீருடையோடு பாதிப்பேர். இருபுறச் சுவரோரமும் நின்றார்கள். வாசலுக்கு வெளியேயும் நின்றார்கள். நான் பத்தொன்பது ஆண்டுகளாகக் காவல் காக்கும் அந்த வாசலில், எங்கள் பெற்றோர் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

இயக்குநர் முதலில் தங்கள் கடிதத்தை வாசித்தார், முழுவதும். "கேள்வியை நீக்கியது நான்" என்ற இடத்தில் கூடத்தில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து அந்தப் பேருந்து ஓட்டுநர், "தப்புப் பண்ணிட்டு எழுதிக் குடுத்த முதல் ஆபீசர் இவராத்தான் இருக்கும்" என்றார். சிரித்தார்கள். அத்தான், அது கேலிச் சிரிப்பு அல்ல.

எதிர்ப் பள்ளிப் பெற்றோர் சங்கத் தலைவர் எழுந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை. "புள்ளிவிவரம் எப்படி வேணா இருக்கட்டும். இந்தப் பள்ளியோட தரம் ஊருக்கே தெரியும்" என்றார். சலவைக்கூடத்துத் தாய் உட்கார்ந்தபடியே கேட்டார்: "சார், இதுக்கு முன்னாடி நீங்க இந்தக் கட்டடத்துக்குள்ள வந்திருக்கீங்களா?"

"இன்னிக்குத்தான் முதல் தடவை."

"அப்போ ஊருக்குத் தெரியும்னு சொல்லாதீங்க. தெருவுக்குத் தெரியும்னு சொல்லுங்க. அதுவும் அந்தப் பக்கத்துக்கு."

எனக்கு ஐந்து நிமிடம் தரப்பட்டது. கழுத்துப்பட்டை குறித்த படிவங்களில் ஆறை, குரலை உயர்த்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். நான்காவதில் அந்தத் தலைவரே தன் கழுத்தைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். அடுத்து நூற்றுப் பதினேழை வாசித்தேன். இருநூற்றுப் பதினான்கில் இந்தப் பள்ளியைப் பற்றி உண்மையைச் சொன்ன படிவம் இது ஒன்றுதான் என்றும், அதில் வரும் ஆசிரியர் நான்தான் என்றும் சொன்னேன். மூன்றாம் வரிசையில் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு சீல் உடைக்கப்பட்டது. இருநூற்று அறுபத்தெட்டு வீடுகளில் இருநூற்று ஐம்பத்தொன்பது பதிலளித்திருக்கின்றன. நல்லது அல்லது மிக நல்லது என்றவர்கள் இருநூற்றுப் பதினேழு. விழுக்காட்டைப் பின்வரிசையில் என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இயக்குநர் கணிப்பானைத் தேடுவதற்குள் சொல்லிவிட்டாள். எண்பத்து நான்கு. தசமத்தை முழுமையாக்கித்தான் சொன்னாள், சரிதான்.

உத்தரவு ரத்து. பள்ளி மூடப்படாது. ஆறாம் அறைக் கூரை விடுமுறையில் மாற்றப்படும். இனி எந்தப் பள்ளிக்கும் வீடு தேடிப் போய்த்தான் கருத்துக் கேட்க வேண்டும் என்றும், நீக்கப்பட்ட அந்தக் கேள்வியே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்றும் இயக்குநர் அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார். படிவம் இரண்டு பக்கம் போனால் போகட்டும் என்றார்.

பலகையில் இருந்த அறிவிப்பை நானே கிழித்தேன். அந்தப் பசை நல்ல பசை. பலகையின் வண்ணத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அந்த இடத்துக்கு வண்ணம் அடிக்க வேண்டாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

இன்னொரு செய்தி. மறுநாள் காலை மகளுடன் தெருவில் நின்று, அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு இந்தப் பக்கம் வருகிறாயா என்று கேட்டேன்.

"உங்க வகுப்புல போட மாட்டாங்கல்ல?"

"ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நான்தான்."

"அப்போ வீட்ல மாதிரி அங்கயும் கொஞ்சம் சிரிப்பீங்களா?"

வீட்டில் நான் சிரிப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் புதுச் செய்தி. முயல்கிறேன் என்றேன். நேற்று அவள் தாயே வந்து சேர்க்கைத் தாளில் கையெழுத்திட்டாள். பேனாவை என்னிடம் நீட்டி, "இது யாரோட ஆசைன்னு எழுதணும்?" என்று கேட்டாள். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. என்னுடையது என்று ஓரத்தில் எழுதினேன்.

புதிய படிவம் ஒன்றை நிரப்பி இத்துடன் இணைத்திருக்கிறேன். 'உங்கள் பிள்ளை இப்பள்ளியில் படிக்கிறாரா?' ஆம். 'கழிப்பறை வசதி?' மிக மோசம், தாழ்ப்பாள் இல்லை. 'நூலகம்?' மோசம், சாவியைக் கண்டுபிடிக்கவும். இத்தனை காலம் ஆசிரியனாகப் பொறுத்துக்கொண்டேன். இப்போது நான் பெற்றோர். பதினைந்து நாட்களுக்குள் அலுவலக முத்திரையோடு பதில் வர வேண்டும்.

விடுமுறையில் அக்காவை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை